முன்னாடி போனது யாரு? லைவ் டிராஃபிக்கின் கதை, புதுக்கோட்டை வழியா

(எபிசோடின் பேச்சு வடிவம், வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னிக்கு எபிசோடு ஒரு ரொம்ப சாதாரணமான கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. புதுசா கார் வாங்குற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்விதான். "டேஷ்போர்டு ஸ்கிரீன்லயே நேவிகேஷன் இருக்கு. லைவ் டிராஃபிக் கொஞ்ச நாளைக்கு இலவசம், அப்புறம் சந்தா கட்டணுமாம். கட்டலாமா? இல்ல போன்ல இருக்கிற மேப்பே போதுமா?"

சென்னைக்குள்ளயே ஓட்டப் போற கார்னா இதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். ஆனா நம்மள்ல நிறைய பேருக்கு வேலை ஒரு ஊர்ல, வீடு ஒரு ஊர்ல. எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். பொங்கலுக்குக் காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பி, திருச்சி தாண்டி, கீரனூர் தாண்டி உள்ள திரும்பினதும் அந்த ஸ்கிரீன் சொல்றதோட அர்த்தமே மாறிடுது. சென்னையில நாம படிச்சுப் பழகின பச்சை, ஆரஞ்சு, சிவப்புக் கோடுகளை அங்க அதே மாதிரி படிக்க முடியாது. ஏன் முடியாதுன்னு புரிஞ்சாதான் எந்த சர்வீஸை எடுக்கலாம்னு முடிவு பண்ண முடியும். அதனால இந்த லைவ் டிராஃபிக் எங்க இருந்து வந்துச்சுன்னு முதல்ல பார்த்துடலாம்.

எதிர்ல வர்ற பஸ்

ஒரு ரோடு எங்க போகுதுன்னு மேப் சொல்லும். இன்னிக்குக் காலையில அந்த ரோட்டுல என்ன நடக்குதுன்னு மேப்புக்குத் தெரியாது. அது தெரியணும்னா உங்களுக்கு முன்னாடி யாராவது அந்த ரோட்டுல போயிருக்கணும், போனவர் பார்த்ததை உங்களுக்குச் சொல்லணும். லைவ் டிராஃபிக்னு நாம சொல்ற எல்லா தொழில்நுட்பமும் இந்த ஒரு வேலையைச் செய்ய வந்ததுதான்.

1910-களின் தொடக்கத்துல டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழில்ல இறங்கினார். டி.வி.எஸ். குழுமத்தோட ஆரம்பம் அது. அவரோட ஆரம்பகால வழித்தடங்கள்ல ஒண்ணு தஞ்சாவூர் – புதுக்கோட்டைன்னு எங்க பக்கத்துல பெருமையாச் சொல்லுவாங்க. புதுக்கோட்டை அப்போ தனி சமஸ்தானம். 1948-ல இந்தியாவோட இணைஞ்சு திருச்சி மாவட்டத்துக்குள்ள போச்சு, 1974-ல தனி மாவட்டம் ஆச்சு.

பஸ் ஓட ஆரம்பிச்ச ஊர்ல எல்லாம் தகவலும் சேர்ந்தே ஓடும். நம்ம ஊர் பஸ் டிரைவர்கள் எதிர்ல வர்ற பஸ்ஸுக்கு ஹெட்லைட்டை ரெண்டு தடவை சிமிட்டுறதை நீங்க பார்த்திருப்பீங்க. ஒரு கையை வெளிய நீட்டி விரலைச் சுத்திக் காமிப்பாங்க. ரோடு குறுகலா இருந்தா ரெண்டு பஸ்ஸும் ஜன்னலோட ஜன்னல் நின்னுடும். "அண்ணே, பொன்னமராவதி ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, சுத்திப் போங்க." அவ்வளவுதான். அந்தத் தகவல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பர் காதுல விழும், அங்க இருந்து அடுத்துக் கிளம்புற வண்டிக்குப் போகும். முன்னாடி போன வண்டியையே சாட்சியா எடுத்துக்கிறது. இதைத்தான் பின்னாடி இன்ஜினியர்கள் 'மிதக்கும் கார் தரவு'ன்னு பேர் வெச்சு விஞ்ஞானம் ஆக்கினாங்க.

எண் இருந்தாத்தான் ஊர்

முதல்ல இந்த வேலையைப் பெரிய அளவுல செஞ்சது ரேடியோ. மேற்கு ஜெர்மனியில 1974-ல ஏ.ஆர்.ஐ.ன்னு ஒரு முறை வந்துச்சு. போக்குவரத்து அறிவிப்பு வர்றப்போ கார் ரேடியோ அதைத் தானா கண்டுபிடிச்சு டிரைவருக்குக் கேக்க வைக்கும். ஆனா அது வெறும் குரல். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்த விபத்தையும் நீங்க உக்காந்து கேக்கணும்.

அடுத்த கட்டம் 1990-கள்ல வந்துச்சு. ஜப்பான்ல 1996-ல வி.ஐ.சி.எஸ்.னு ஒரு அமைப்பு. சாலையோரக் கருவிகள் வழியாவும் எஃப்.எம். வழியாவும் நெரிசல் தகவலை நேரா நேவிகேட்டருக்கு அனுப்பிச்சாங்க. ஐரோப்பாவுல ஆர்.டி.எஸ்.–டி.எம்.சி. எஃப்.எம். ஒலிபரப்புக்குள்ள காதுக்குக் கேக்காம ஒளிஞ்சு போற ஒரு சின்ன தரவு ஓடை. நொடிக்கு 1,200 பிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இன்னிக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கரை அந்த வேகத்துல அனுப்பினா பல நிமிஷம் ஆகும்.

இவ்வளவு சின்ன ஓடையில எப்படித் தகவல் அனுப்புறது? எல்லாத்துக்கும் எண் கொடுத்தாங்க. 'விபத்து'க்கு ஒரு எண், 'மூடுபனி'க்கு ஒரு எண். ஒவ்வொரு முக்கியமான சந்திப்புக்கும் ஒரு எண். ரேடியோவுல எண்கள் மட்டும் போகும், காருக்குள்ள இருக்கிற பட்டியல் அதை வார்த்தையா மாத்திக்கும். ஜெர்மனியில ஓட்டுற பிரெஞ்சுக்காரருக்கு அவரோட நேவிகேட்டர் பிரெஞ்சுலயே சொல்லிடும். ரொம்ப புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. எண் கொடுக்காத இடத்தைப் பத்தி அந்த அமைப்பால பேசவே முடியாது. ஒரு பட்டியல்ல அதிகபட்சம் 65 ஆயிரத்துச் சொச்சம் இடங்கள்தான் அடங்கும். அப்போ யாருக்கு எண் கிடைக்கும்? நெடுஞ்சாலைக்கு, பெரிய நகரத்துக்கு. ஊர்ச்சாலைக்கு எண் கிடையாது. அதனால அங்க என்ன நடந்தாலும் ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. ஸ்கிரீன் சுத்தமா இருந்தா ரோடும் சுத்தமா இருக்குன்னு நம்பிடுவோம் இல்லையா? இந்தப் பிரச்சினையை மனசுல வெச்சுக்கங்க, இது பின்னாடி திரும்ப வரும்.

இந்தியாவுல இந்த எஃப்.எம். எண் முறை வேரூன்றவே இல்ல. நமக்கு வந்தது குரல்தான். "கத்திப்பாராவுல வண்டிகள் மெதுவா நகருது, பாட்டு கேட்டுக்கிட்டே பொறுமையா வாங்க"ன்னு ஆர்.ஜே. சொல்லுவாங்க. சென்னையில வளர்ந்தவங்களுக்கு அது ஞாபகம் இருக்கும். ஆலங்குடி ரோட்டைப் பத்தி எந்த ஆர்.ஜே.வும் சொன்னதில்ல.

போன் சாட்சி ஆன கதை

2000-ம் வருஷம் மே மாசம் ஒரு முக்கியமான விஷயம் நடந்துச்சு. அதுவரைக்கும் பொதுமக்கள் பயன்படுத்துற ஜி.பி.எஸ். சிக்னல்ல அமெரிக்கா வேணும்னே பிழையைக் கலந்து வெச்சிருந்தது. அதிபர் கிளின்டன் உத்தரவுப்படி அதை நிறுத்தினாங்க. நூறு மீட்டர் வரைக்கும் தப்பிக்கிட்டிருந்த இடம் பத்து, இருபது மீட்டருக்குள்ள வந்துச்சு. நீங்க எந்த ரோட்டுல இருக்கீங்கன்னு ஒரு சின்ன கருவி நம்பகமா சொல்ல முடிஞ்சது அதுக்கப்புறம்தான்.

2007-ல நெதர்லாந்துல டாம்டாம் நிறுவனம் வோடபோனோட சேர்ந்து எச்.டி. டிராஃபிக் கொண்டுவந்தது. கார்ல போறவங்களோட செல்போன்கள் ஒரு டவர்ல இருந்து அடுத்த டவருக்கு எவ்வளவு வேகத்துல மாறுதுன்னு பார்த்து, ரோடு ஓடுதா நிக்குதான்னு கணிக்கிறது. அப்போ ஐரோப்பாவுல நேவிகேட்டர் வாங்குறவங்களுக்கு இன்னிக்கு நம்ம நண்பர்களுக்கு இருக்கிற அதே குழப்பம். ஒரு பக்கம் எஃப்.எம். வழியா இலவசமா வர்ற டி.எம்.சி. சில மாடல்கள்ல அதுக்கான ரிசீவர் சார்ஜர் ஒயர்லயே இருக்கும். இன்னொரு பக்கம் சந்தா கட்டினா வர்ற எச்.டி. டிராஃபிக். ரெண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் காசு இல்ல. ஒண்ணு அதிகாரிகளும் ரேடியோவும் சொன்னதைச் சொல்லுது, இன்னொண்ணு ரோட்டுல இருக்கிற போன்கள் சொன்னதைச் சொல்லுது.

அதே 2007-ல கூகுள் மேப்ஸ்ல அமெரிக்க நகரங்களுக்கு டிராஃபிக் கோடுகள் வந்துச்சு. 2009-ல, மேப் ஆப் வெச்சிருக்கிறவங்க போன்கள்ல இருந்தே வேகத்தை வாங்க ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில ஆண்ட்ராய்டு போன்ல நேவிகேஷன் இலவசம்னு அறிவிச்சப்போ, கார்மின், டாம்டாம் ரெண்டு கம்பெனி பங்கும் மளமளன்னு சரிஞ்சது. கண்ணாடியில ஒட்டி வைக்கிற நேவிகேட்டரோட பொற்காலம் கிட்டத்தட்ட அங்க முடிஞ்சது. ஓட்டுறவங்களே தட்டித் தகவல் சொல்ற வேஸை 2013-ல கூகுளே வாங்கிடுச்சு.

இந்தியாவுல ராகேஷ் வர்மாவும் ரஷ்மி வர்மாவும் ஆரம்பிச்ச மேப்மைஇந்தியா 1990-கள்ல இருந்தே டிஜிட்டல் மேப் வேலையில இருந்தது. இன்னிக்கு நிறைய இந்தியக் கார்களோட ஸ்கிரீனுக்குள்ள இருக்கிறது அவங்க மேப்தான். கூகுளோட லைவ் டிராஃபிக் இந்தியாவுக்கு வந்தது 2012-ல. முதல்ல ஆறு நகரம்: பெங்களூரு, மும்பை, டெல்லி, சென்னை, புனே, ஹைதராபாத். தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும்தான்.

எண்ணிக்கைதான் எல்லாம்

போன் சாட்சி சொல்ற முறையில, எத்தனை போன் இருக்குங்கிறதுதான் பலம், பலவீனம் ரெண்டும். இதை ரொம்ப அழகா காமிச்சவர் சைமன் வெக்கர்ட்ங்கிற ஜெர்மன் கலைஞர். 99 போன்களை ஒரு சின்ன இழுவண்டியில போட்டு பெர்லின் தெருக்கள்ல மெதுவா இழுத்துக்கிட்டுப் போனார். 2020 பிப்ரவரியில அந்த வீடியோ வெளியாச்சு. தெரு காலியா இருக்கு, மேப்புல மட்டும் ரத்தச் சிவப்பு. கூகுள் தரப்பு இதுக்கு வேடிக்கையாவே பதில் சொன்னது. இந்தியா மாதிரி நாடுகள்ல காரையும் பைக்கையும் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்கிட்டோம், இழுவண்டிதான் இன்னும் பிடிபடலன்னாங்க.

அந்த பைக் விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். ஜாம்ல கார் நின்னுக்கிட்டிருக்கும், பைக் சந்துல நுழைஞ்சு போயிடும். பைக்காரர் பாக்கெட்ல இருக்கிற போன் "ரோடு நல்லாத்தான் ஓடுது"ன்னு சாட்சி சொல்லும். 2017 டிசம்பர்ல கூகுள் இந்தியாவுல இருசக்கர வாகனத்துக்குன்னு தனி வழிகாட்டல் கொண்டுவந்தது. ரோட்டுல பாதிக்கு மேல பைக் ஓடுற ஊர்ல, பைக்கையும் காரையும் பிரிக்கத் தெரியாத டிராஃபிக் சர்வீஸை நம்பி கார் ஓட்ட முடியாது.

99 போன் காலித் தெருவைச் சிவப்பாக்கும். அப்போ போனே இல்லாத ரோடு எப்படித் தெரியும்? பல ஆப்லயும் நம்ம வழியைக் காட்டுற கோடு நீல நிறத்துல இருக்கும். அந்த நீலத்துக்கு 'தடை இல்ல'ன்னும் அர்த்தம் இருக்கலாம், 'எனக்குத் தகவல் இல்ல'ன்னும் அர்த்தம் இருக்கலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். லைவ் தகவல் கிடைக்காத ரோட்டுக்குப் பழைய நாட்களோட சராசரி வேகத்தை வெச்சு நேரம் கணக்குப் போடுவாங்க. 'இன்னும் 42 நிமிஷம்'னு காமிக்கிறது நேத்தைய ரோட்டைப் பத்தினதா கூட இருக்கலாம். டி.எம்.சி. காலத்துல எண் இல்லாத ஊருக்கு என்ன நடந்துச்சோ, அதேதான் இங்க போன் இல்லாத ரோட்டுக்கு நடக்குது.

புதுக்கோட்டையில இது என்ன செய்யும்

புதுக்கோட்டை டவுனை இன்னிக்கு இருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்ததுல திவான் சேஷய்ய சாஸ்திரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1878-ல திவானா வந்தவர். நேர் நேரா அகலமான வீதிகள், ஒண்ணுக்கொண்ணு இணையா. கீழ ராஜவீதியில நெரிசல்னா பக்கத்து வீதியில புகுந்து போயிடலாம். இந்த மாதிரி ஊருக்கு லைவ் டிராஃபிக் பெருசா தேவையே இல்ல.

1929-ல திருச்சியில இருந்து ரயில் வந்துச்சு. ரயிலோட கேட்டும் வந்துச்சு. திருவப்பூர் கேட்டு மூடினா கொஞ்ச நேரத்துல வரிசை சேர்ந்துடும், திறந்ததும் கலைஞ்சுடும். போன்கள் நிக்கிறதைச் சேகரிச்சு, இது சிக்னல்ல நிக்கிறதா ஜாமான்னு முடிவு பண்ணி, கோட்டைச் சிவப்பாக்கி உங்களுக்கு அனுப்பச் சில நிமிஷம் ஆகும். அதுக்குள்ள கேட்டைத் திறந்துடுவாங்க. பத்து நிமிஷத் தடையைப் பிடிக்க எந்த சர்வீஸாலயும் சரியா முடியாது. ஒரு மணி நேர ஜாமை எல்லா சர்வீஸும் பிடிச்சுடும். தடை எவ்வளவு நேரம் நீடிக்குதோ, அந்த அளவுக்குத்தான் லைவ் டிராஃபிக்கால பிரயோஜனம்.

அடுத்தது, நாள் குறிச்சு வர்ற தடைகள். ஜனவரியில தச்சங்குறிச்சி, விராலிமலைன்னு ஜல்லிக்கட்டு. பங்குனியில நார்த்தாமலை திருவிழா. போலீஸ் முன்கூட்டியே வண்டிகளைத் திருப்பி விடுவாங்க. இது பேப்பர்ல வரும், டீக்கடையில எல்லாருக்கும் தெரியும். ஸ்கிரீனுக்குத் தெரியணும்னா யாராவது அதை மேப்ல போட்டிருக்கணும், இல்ல நிறைய வண்டி அங்க போய் மாட்டியிருக்கணும். அறுவடை நேரத்துல கிராமச் சாலையில பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க, அதுக்கும் இதே கதைதான்.

கடைசியா கஜா. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி வேதாரண்யம் பக்கத்துல கரையைக் கடந்த புயல், அதே வேகத்தோட புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ள நுழைஞ்சுது. கந்தர்வகோட்டை, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் அடியோட சாய்ஞ்சு கெடந்துச்சு. மின்கம்பங்கள் ஒடிஞ்சு ரோட்டுக்குக் குறுக்க விழுந்துச்சு. கரன்ட் இல்ல, அதனால செல்போன் டவரும் இல்ல. அடுத்தடுத்த நாள்ல தண்ணிக்கும் கரன்ட்டுக்கும் ஜனங்க சாலை மறியல்ல உக்காந்தாங்க.

அந்த நேரத்துல லைவ் டிராஃபிக் என்ன காட்ட முடியும்? சிக்னல் இல்லாத போன் சாட்சி சொல்லாது. மாவட்டத்தோட ரோடுகள் மிக மோசமா இருந்த அந்த நாட்கள்லதான் அதுக்குத் தகவலும் மிகக் குறைவு. எந்த ரோடு திறந்திருக்குன்னு சொன்னவங்க, ரம்பத்தையும் அரிவாளையும் எடுத்துக்கிட்டு மரம் வெட்டி வழி பண்ணின ஊர்ப் பசங்களும், பைக்ல அந்தப் பக்கம் போய்ட்டு வந்தவங்களும்தான். நிவாரணப் பொருளோட வெளியூர்ல இருந்து வந்த வண்டிகள் ஒவ்வொரு முக்குலயும் நின்னு கேட்டுக் கேட்டுத்தான் போச்சு. நூறு வருஷம் முன்னாடி எதிர்ல வர்ற பஸ்காரர் சொன்ன அதே முறை.

புயல் தினமும் வராது, சரி. ஆனா ராத்திரி ஒரு மணிக்குக் கறம்பக்குடி பக்கத்து கிராமத்துல இருந்து வயசானவங்களைக் கார்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமை எந்த வீட்டுக்கும் வரலாம். புதுக்கோட்டையில 2017-ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு. அதுக்கப்புறமும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டிய கேஸ்கள் இருக்கு. அந்த நேரத்துல அந்த ரோட்டுல உங்களுக்கு முன்னாடி போன் வெச்சிருக்கிற ஒருத்தர் போயிருப்பாரா? பெரும்பாலும் போயிருக்க மாட்டார். அப்போ ஸ்கிரீன் காட்டுற நீலக் கோட்டை 'வழி காலி'ன்னு எடுத்துக்காதீங்க. கிளம்புறப்போவே அந்த வழியில இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஒரு போன் போட்டுடுங்க.

அப்போ எதை எடுக்கிறது?

சந்தா கட்டுறதுக்கு முன்னாடி ஷோரூம்ல நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, இந்த சர்வீஸுக்குத் தகவல் யார் கிட்ட இருந்து வருது? அதே கம்பெனி கார்கள்ல இருந்து மட்டுமா, இல்ல லட்சக்கணக்கான போன்கள்ல இருந்தா? நகரத்துக்கு வெளிய அதிக சாட்சி வெச்சிருக்கிற சர்வீஸ்தான் ஜெயிக்கும். நம்ம ஊர்ல அது பெரும்பாலும் போன்ல இருக்கிறதுதான். கார் ஸ்கிரீன்லயே போன் மேப்பைக் காட்டுற வசதி இருந்தா, டிராஃபிக்குக்குன்னே தனியா பணம் கட்ட எனக்குக் காரணம் தெரியல.

ரெண்டு, தகவல் காருக்கு எப்படி வந்து சேருது? காருக்குள்ளயே சிம் இருக்கா, இல்ல உங்க போன் டேட்டாவா? எந்த நெட்வொர்க்? உங்க ஊர்ல அந்த நெட்வொர்க் எடுக்குமா?

மூணு, நெட் போனா என்ன ஆகும்? மேப் முழுசா கருவிக்குள்ள இருந்தா வழியாவது தெரியும். காரோட வர்ற நேவிகேட்டர் நிஜமாவே உதவுறது இங்கதான். போன் மேப்தான்னு முடிவு பண்ணினா, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மாவட்டம் முழுசையும் ஆஃப்லைன்ல இறக்கி வெச்சுக்கங்க.

நாலு, நான் காரா பைக்கான்னு அதுக்குத் தெரியுமா?

இலவசமா கொடுக்கிற காலம் எதுக்குன்னா, சோதிச்சுப் பார்க்க. கேட்டு மூடுற நேரம், சந்தை கூடுற நாள், திருவிழா ராத்திரின்னு உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ரோட்டையும் நேரத்தையும் எடுத்துக்கங்க. கார் ஸ்கிரீனையும் போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உங்களுக்கு ஏற்கனவே பதில் தெரிஞ்ச கேள்வியை அது கிட்ட கேட்டாத்தான் அதை எவ்வளவு நம்பலாம்னு தெரியும்.

இன்னொண்ணு. உங்க இருப்பிடத்தை அனுப்ப அனுமதி கொடுத்துட்டு அந்த ரோட்டுல போறப்போ, பின்னாடி வர்றவருக்கு நீங்கதான் சாட்சி. இலவச சர்வீஸுக்கு நாம கொடுக்கிற விலை அது. கொடுக்கலாமா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. ஆனா ஊர்ச்சாலையில அந்த ஒரு போன்தான் மொத்தத் தகவலே.

ஊருக்குப் போறப்போ உங்க ரோட்டுல சோதிச்சுப் பார்த்தது என்ன ஆச்சுன்னு எங்களுக்குக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.